பாட ஏலுமோ?

போர்நிறுத்தம் வந்து, கடலுக்குப் போக விட்டிருந்த காலம். அல்லைப்பிட்டியில் கோயில் மண்டபத்தில் வைத்திய முகாம் வைத்தார்கள். என் மனுஷன் வின்சன்ற்றை இழுத்துக்கொண்டுதான் போனேன். கரைவலை இழுக்கும்போது நெஞ்சை அடைக்கிறது என்று என்னிடம் மட்டும் சொல்லியிருந்தார். இனி அவர் வலைக் கயிற்றில் கை வைக்கலாமா, கூடாதா? அதை டொக்டர் வாயால் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

டொக்டர் சின்னப் பிள்ளை, நல்ல பிள்ளை. நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார். அதற்கு மேல் பார்க்க அங்கே ஒன்றும் இல்லை.

“அண்ணை, செய்யிற வேலை எவ்வளவு கடுமையெண்டு அறிய ஒரு சுகமான வழி இருக்கு. வலை இழுக்கேக்கை கதைக்க ஏலுமோ?”

“ஓம்.”

“பாட ஏலுமோ?”

கேட்டாரே ஒரு கேள்வி! கரைவலைக்காரனிடம் கேட்கிற கேள்வியா அது? அம்பா பாடாமல் எங்கள் கரையில் வலை ஏறியதுண்டா? ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் ஏலேலோ போடுவார்கள். அந்தப் பாட்டுக்குத்தான் எல்லாரும் ஒன்றாக இழுப்பார்கள். வாலிப வயதிலிருந்து அடி எடுத்துக் கொடுத்தவர் என் மனுஷன்.

அவர் நெஞ்சை நிமிர்த்தினார். “பாட ஏலுமோ எண்டோ கேக்கிறியள்? நான் பாடினால்தானே வலையே கரையேறும்!”

“பொய் டொக்டர்,” என்றேன். “தொண்டைக்கட்டு எண்டு சாட்டுச் சொல்லி கூட வலை இழுக்கிற லியோனைப் பாட விட்டிட்டு, இவர் கடைசியிலை நிண்டு வாயை மட்டும் அசைக்கிறவர்.”

“நீர் பேசாமல் இரும், மாக்கிறேற். ஆக்களுக்கு முன்னாலை மானத்தை வாங்காதையும்.”

டொக்டர் சிரித்தார். “பாட ஏலுமெண்டால் அது இலேசான வேலைதான் அக்கா. பயப்பிடாதேங்கோ. அண்ணை போகலாம்.”

இலேசான வேலை! கயிறு அறுத்து உள்ளங்கைத் தோல் உரிந்த மனுஷனுக்கு இலேசான வேலை! வீடு வரும்வரை இரண்டு பேரையும் சேர்த்துத் திட்டினேன். மனுஷன் கேட்டால்தானே. “இலேசான வேலையாமப்பா” என்று வழியெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

அடுத்த கிழமை கேத்திலில் பிளேன்ரீத் தேத்தண்ணி எடுத்துக்கொண்டு கரைக்குப் போனேன். லியோன் அடி கொடுக்க, எல்லாரும் கடலைப் பார்த்தபடி பின்னுக்குச் சாய்ந்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், கயிற்றின் கடைசியில், என் மனுஷன் மணலில் குப்புறக் கிடந்தார். கேத்திலைப் போட்டுவிட்டுக் கத்திக்கொண்டு ஓடினேன். பாட்டுச் சத்தத்தில் அவர்களுக்கு என் குரல் கேட்கவில்லை.

செத்த வீட்டில் லியோன் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். “எங்களுக்குத் தெரியேல்லை அக்கா. பாட்டிலை ஒரு குரல் குறைஞ்சிருந்தால் உடனை திரும்பிப் பாத்திருப்பமே!”

எப்படியடா குறையும்? அந்த மனுஷன் பாட்டை விட்டு மாதக் கணக்காயிற்றே.