கை ஆடக்கூடாது

ஹிஸாமின் அண்ணனை முக்பில் சுட்டுக் கொன்றபோது முக்பிலின் மகன் ஜுப்ரானுக்குப் பால்பல்கூட விழவில்லை. வாய்க்கால் தண்ணீருக்காக வந்த சண்டை அது. அன்றிலிருந்து முக்பில் தனியாக வாசலைத் தாண்டியதில்லை. சந்தைக்குப் போனாலும் பள்ளிவாசலுக்குப் போனாலும் மகனின் கையைப் பிடித்துக்கொண்டுதான் போவான். ஆயுதம் ஏந்தாத பிள்ளை பக்கத்தில் நடக்கும்போது எங்கள் மலையில் யாரும் பழி தீர்க்க மாட்டார்கள். தீர்த்தால் அந்த வீட்டுக்கு யாரும் பெண் கொடுக்க மாட்டார்கள். ஹிஸாம் எத்தனையோ முறை எதிரே வந்திருக்கிறான். பையனைப் பார்ப்பான், காறித் துப்புவான், போய்விடுவான்.

பையன் வளர்ந்தான். தலை அப்பாவின் காதைத் தொட்டது, மீசை அரும்பியது.

"முக்பில், உன் கேடயத்துக்குச் சவரம் பண்ற நேரம் வந்துடுச்சு போல" என்றான் சந்தையில் ஒருவன். போதைக்காகக் காத் இலையை மென்றுகொண்டிருந்தவர்கள் கன்னம் உப்பச் சிரித்தார்கள். முக்பிலும் சிரித்தான். அடுத்த வாரமே மகனுக்கு ஒரு துப்பாக்கி வாங்கினான். நீளமான, பழைய துப்பாக்கி. அதன் கட்டையில் யாரோ நட்சத்திரம் செதுக்கியிருந்தார்கள். ஜுப்ரான் அன்று அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்கினான்.

மொட்டைமாடியில் பயிற்சி நடந்தது. முதலில் தோட்டா கிடையாது. குழலின் மேல் ஒரு தட்டையான சிறு கல்லை வைப்பான் முக்பில். கல் விழாமல் விசையை இழுக்க வேண்டும். விழுந்தால் குழல் துடைக்கும் கம்பியால் விரல் முட்டியில் அடி.

"மூச்சை விடு. பாதியில நிறுத்து. இப்ப இழு."

கல் விழுந்தது. கம்பி இறங்கியது.

"கை ஆடுதுப்பா."

"ஆடுதா? வளையல் போட்டுக்க. உங்கம்மாகிட்ட நிறைய கெடக்கு."

முட்டிகள் வீங்கி, ரொட்டியைப் பிய்க்க முடியாமல் போனது. அம்மா வர்தாதான் பிய்த்துக் கொடுத்தாள். பிறகு தோட்டா வந்தது. எதிர் மலையின் படிவயலில் ஒரு வெள்ளைக் கல்லை நிறுத்தி, அதைச் சுடச் சொன்னான் முக்பில். பையன் பாறையைச் சுட்டான், கள்ளிச்செடியைச் சுட்டான். கடைசியில் கல்லையும் சுட்டான். முக்பில் ஒரு வார்த்தை பாராட்டவில்லை. அடுத்ததாகச் சின்னக் கல்லை வைத்தான்.

பெருநாளுக்கு முந்தின நாள் வர்தா மாவு பிசைந்தபடியே கேட்டாள். "நாளைக்கு ஊர் முன்னாடி சுடப் போறியாமே?"

"ஆமா. பெரியவங்க வரிசையில."

"தவற விட்டுடு."

"என்னம்மா சொல்ற?"

"தவற விட்டா சிரிப்பாங்க. துப்பாக்கியப் புடுங்கிக்கிட்டு வீட்டுக்குப் போடான்னு சொல்லுவாங்க. நீ பிள்ளையாவே இருப்ப. அடிச்சிட்டா நீ ஆம்பள. பழி வாங்குறவன் கொன்னவனை எடுக்க மாட்டான், அந்த வீட்டுலயே நல்ல ஆளா பாத்து எடுப்பான். உங்கப்பன் இத்தனை பாடுபட்டு அந்த நல்ல ஆளைத்தான் தயார் பண்றான்."

"அப்பா அப்படி நினைக்க மாட்டாரு."

"இத்தனை வருஷமா உன் கையப் புடிச்சிட்டு நடந்தானே, பாசத்துலயா?"

ஜுப்ரான் எழுந்து போனான்.

பெருநாளில் யாரும் யாரையும் தொடமாட்டார்கள். அதனால் ஹிஸாமின் வீட்டாரும் வந்திருந்தார்கள். பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் வெள்ளைக் கல் தெரிந்தது. பெரிய பெரிய ஆட்களெல்லாம் தவறவிட்டார்கள். ஜுப்ரான் மண்டியிட்டான். அம்மா சொன்னது காதில் இருந்தது. குழலைக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தினான்.

"வளையல் கொண்டு வரச் சொல்லட்டுமா?" என்றான் பின்னால் நின்ற முக்பில், எல்லாருக்கும் கேட்கும்படி.

கூட்டம் சிரித்தது. பையனின் காது எரிந்தது. குழலைத் திரும்பக் கல்லுக்கு நேராகக் கொண்டுவந்தான். மூச்சைப் பாதியில் நிறுத்தி இழுத்தான். கல் தூளானது.

முரசு அதிர்ந்தது. யாரோ அவன் இடுப்பில் தோட்டா வாரைக் கட்டினார்கள். முக்பில் அவன் தோளைப் பிடித்து ஹிஸாமின் பக்கம் திருப்பினான்.

"பாத்தியா ஹிஸாம்? எங்க வீட்டுல இனிமே இவன்தான் பெரிய ஆளு."

சந்தையில் கிடாவின் வாயைத் திறந்து பல்லைக் காட்டுகிறவனின் குரல் அது. ஜுப்ரானுக்கு அப்போதுதான் அம்மா சொன்னது முழுதாகப் புரிந்தது.

"பாத்தேன். இனிமே இவன் பிள்ளையில்ல" என்றான் ஹிஸாம்.

பெருநாள் முடிந்த மறுநாள் காலை முக்பில் சொன்னான். "வாய்க்கால்ல தண்ணி திருப்பணும். நீ முன்னாடி போ, நான் பின்னாலயே வர்றேன்."

கையை நீட்டவில்லை. வர்தா வாசலில் நின்று மகனின் வாரைப் பிடித்துக்கொண்டாள். முக்பில் அவள் விரல்களைப் பிரித்துவிட்டான்.

ஜுப்ரான் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு வரப்பில் நடந்தான். கொஞ்ச தூரம் தள்ளிப் பின்னால் அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டது. கள்ளி வேலியின் திருப்பத்தில் ஹிஸாம் எழுந்தான். பையன் வரப்பிலேயே நின்றான். ஹிஸாமின் குழல் அவன் மார்பைக் கடந்து அப்பாவின் பக்கம் போய் நின்றது.

"ஒதுங்கு" என்றான் ஹிஸாம்.

"ஹிஸாம், சுடாத, பக்கத்துல பிள்ள இருக்கான்" என்று கத்தினான் முக்பில்.

"எந்தப் பிள்ள?"

தோட்டா வயிற்றில் பாய்ந்தது. முக்பில் வரப்பில் உட்கார்ந்து, பிறகு சாய்ந்தான்.

"நல்ல ஆளா பாத்து எடுன்னுதான் எங்க வீட்டுலயும் சொன்னாங்க" என்றான் ஹிஸாம். "எனக்கு நீதான் வேணும், முக்பில்." துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு படிவயலில் மெதுவாக இறங்கினான். அவன் முதுகு வெள்ளைக் கல்லைவிட அகலமாக, அதைவிடப் பக்கத்தில் தெரிந்தது.

"சுடு" என்றான் முக்பில். "சுடுடா நாயே. முதுகு தெரியுது பாரு."

ஜுப்ரான் துப்பாக்கியைத் தூக்கினான். மூச்சை விட்டான், பாதியில் நிறுத்தினான். குழல் அசையவேயில்லை. கல்லை வைத்திருந்தால்கூட விழுந்திருக்காது.

துப்பாக்கியை இறக்கினான்.

"கை ஆடுதுப்பா" என்றான்.

பிறகு மடையைத் திறக்கப் போனான். தண்ணீர் வயலுக்குள் பாயத் தொடங்கியது. முக்பில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான்.