சத்தம் போடும் ஜிப்

மூன்றாவது கூடாரத்தின் வாசலில் குந்தி உட்கார்ந்து, ஜிப்பைக் கீழிருந்து மேல்வரை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, அவள் உதட்டைப் பிதுக்கினாள். விற்பனையாளர் முகம் மலர்ந்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதை அங்கேயே மறந்துவிடுகிற மனிதர்.

"பாத்தீங்களாம்மா, எவ்வளவு வழவழன்னு போகுது. பக்கத்துல படுத்திருக்கறவங்களுக்குக்கூடக் கேக்காது."

"அதனாலதான் வேண்டாங்கறேன். சத்தம் போடற மாதிரி ஏதாவது இருக்கா?"

அவர் ஒரு கணம் விழித்தார். பிறகு, வீட்டுக்காரர்தானே சொல்ல வேண்டும் என்பதுபோல் அவள் கணவனைப் பார்த்தார். லிஃப்ட் மெக்கானிக்கான அவனோ அடுத்த கூடாரத்தின் கம்பிகளைப் பிடித்து ஆட்டுவதிலேயே குறியாக இருந்தான். காற்றுக்குத் தாங்குமா, மூன்று பேர் கால் நீட்டலாமா, நிமிர்ந்து நிற்கலாமா என்பதெல்லாம் அவன் பொறுப்பு. ஜிப் அவள் பொறுப்பு. வீட்டிலேயே பேசி முடித்துவிட்டு வந்திருந்தார்கள்.

கொட்டகை போன்ற பெரிய கடை அது. பச்சைப் பாய் விரித்து ஆறு கூடாரங்களை நிஜமாகவே அடித்து வைத்திருந்தார்கள். மகள் சுண்டு ஒன்றில் புகுந்து வேறொன்றிலிருந்து தலையை நீட்டிக்கொண்டிருந்தாள். ஒன்பது வயது. பிறந்தபோது சுண்டெலி அளவுதான் இருந்தாள் என்று அப்பன் வைத்த பெயர், வளர்ந்தும் போகவில்லை. அவள் கண்ணில் படாத ஒவ்வொரு நொடியும் அம்மாக்காரி கழுத்தை எட்டித் தேடினாள். பட்டப்பகல், கூரைக்குக் கீழே, சுற்றிலும் ஆட்கள். இருந்தும் தேடினாள்.

சுண்டு தூக்கத்தில் நடப்பவள். வீட்டில் அது சிரிப்பு சமாசாரமாகத்தான் இருந்தது. எழுந்து வந்து ஃபிரிட்ஜைத் திறந்து அதன் வெளிச்சத்தில் நிற்பாள். தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டால் சமர்த்தாகப் போய்ப் படுத்துக்கொள்வாள். காலையில் ஒன்றும் நினைவிருக்காது. வாசல் தாழ்ப்பாள் துருப்பிடித்தது, தொட்டாலே ஊரைக் கூட்டும். அதற்கு எண்ணெய் போடாமல் விட்டதற்காகக் கணவனை அவள் எத்தனையோ தரம் திட்டியிருக்கிறாள். இப்போது அந்தத் துருவைக் கும்பிடத் தோன்றுகிறது.

போன கோடையில் ஏரிக்கரையில் கூடாரம் போட்டார்கள். அவள் வேலை பார்ப்பது பை தைக்கும் கம்பெனியில், ஜிப் வைக்கும் பிரிவில். ஜிப் முரண்டு பிடித்தால் அவளுக்குப் பொறுக்காது. போன அன்றைக்கே ஒரு மெழுகுவத்தியை எடுத்துப் பல்வரிசை முழுக்கத் தேய்த்து, ஜிப்பை இழுக்கும் ரன்னரை ஒற்றை விரலால் ஓடவிட்டுக் காட்டினாள். கணவன் கைதட்டினான். அவளுக்கும் உள்ளூரப் பெருமைதான்.

விடியும்போது யாரோ ஒருவரின் கூச்சல் கேட்டுத்தான் கண் விழித்தாள். வாசல் அகலத் திறந்திருந்தது. ஏரிக்குள் முழங்கால் தண்ணீரில் சுண்டு நின்றுகொண்டிருந்தாள், கண்ணைத் திறந்தபடி. ஓடிப்போய்த் தண்ணீரில் இறங்கியபோது பிள்ளை திரும்பிப் பார்த்து, கடைக்குப் போகிறவள்போல் சாதாரணமாகச் சொன்னாள்: "நீ போம்மா, நான் பின்னாடியே வரேன்." சொல்லிவிட்டு ஆழத்தின் பக்கம் இன்னொரு அடி எடுத்து வைத்தாள்.

அந்த ஒரு அடி இன்னும் அவள் நெஞ்சுக்குள் இருக்கிறது. தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கும்போது வருகிறது, கஞ்சி வடிக்கும்போது வருகிறது.

வளர வளரச் சரியாகிவிடும் என்றார் டாக்டர். காலில் சலங்கை கட்டிப் பார்த்தார்கள். தூக்கத்திலேயே அதைக் கழற்றி, சத்தம் வராமல் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு நடந்தாள். இந்த வருஷம் எங்கும் வேண்டாம் என்று முடிவு செய்திருந்த நேரத்தில், சாப்பிட்டுக்கொண்டிருந்த சுண்டு தட்டைப் பார்த்தபடியே கேட்டாள்: "என்னாலதானே போகலை?" பிள்ளை தன்னைக் கண்டே பயப்பட ஆரம்பித்துவிட்டால் அதற்கு எந்த டாக்டரிடம் போவது? அதனால்தான் இந்தக் கடை.

"உள்பக்கம் சின்னதா ஒரு பூட்டு போட்டுக்கலாமா?" என்று விற்பனையாளரிடம் மெல்லக் கேட்டாள்.

"வேண்டவே வேண்டாம்மா. தீ கீ பிடிச்சா சாவியைத் தேடிட்டா இருப்பீங்க? கூடாரத்தைப் பூட்டக் கூடாது." அவர் குரல் இறங்கியிருந்தது. ஏதோ புரிந்துகொண்டவர்போல் ஓரத்திலிருந்த காக்கி நிறக் கூடாரத்துக்குக் கூட்டிப்போனார். "இது பழைய மாடல். துணி கனம், கம்பி கனம், நல்ல விசாலம். ஒரே குறை, ஜிப்தான். முரட்டு ஜிப்பு. அதனாலேயே விலை போக மாட்டேங்குது."

அவள் இழுத்தாள். கர்ரென்று கடை முழுக்கக் கேட்டது. செருப்பு அடுக்கிக்கொண்டிருந்தவர்கூடத் திரும்பிப் பார்த்தார். பல வாரங்களுக்குப் பிறகு அவள் சிரித்தாள்.

கணவன் வந்து மூலைக் கம்பிகளை உலுக்கிப் பார்த்தான். அசையவில்லை. தரைத் துணி நாலு பக்கமும் சுவரோடு சேர்த்துத் தைத்திருந்தது. உள்ளே நிமிர்ந்து நின்று, கையைத் தூக்கி, "மாளிகைதான்டி," என்றான்.

"படுத்துப் பாக்கணும்," என்றாள். அவன் ஒரு ஓரம் படுத்தான். நடுவில் சுண்டு. வாசலை ஒட்டி அவள். ஜிப்பை முழுக்க மூடினாள். துணி வழியாக வெளிச்சம் பழுப்பாக இறங்கியது.

"சுண்டு, அம்மா கண்ணை மூடிக்கறேன். நீ எந்திரிச்சு வெளிய போ, பாக்கலாம்."

"விளையாட்டாம்மா?"

"ஆமா, விளையாட்டு."

கண்ணை மூடிக் காத்திருந்தாள். மேலே ஃபேன் சுற்றியது. தூரத்தில் யாரோ போனில் பேசினார்கள். அந்தக் கர்ருக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தாள். பிள்ளைக்கு எழுந்திருக்கச் சோம்பல்போலும் என்று நினைத்தாள்.

"அம்மா."

குரல் வெளியிலிருந்து வந்தது. கண்ணைத் திறந்தாள். வாசல் பாதிக்குமேல் திறந்திருந்தது. அதற்கு அப்பால் சுண்டு நின்று, ஜெயித்த சிரிப்போடு குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் முழங்கையை ஊன்றித் தலையைத் தூக்கினாள். "எப்படிடி?"

"நீதானே சொல்லிக் குடுத்தே. துணியை இப்படி விறைப்பாப் பிடிச்சுக்கிட்டு, ரன்னரைக் கொஞ்சம் தூக்கின மாதிரி விட்டா எந்த ஜிப்பும் கத்தாதுன்னு." செய்தும் காட்டினாள். கம்பெனியில் கழித்துப்போட்ட துண்டு ஜிப்புகள்தான் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே விளையாட்டுச் சாமான். அம்மாவின் இரண்டு கைகளும் அந்தச் சின்னக் கைகளில் அப்படியே இருந்தன.

அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சுண்டுவின் சிரிப்பு வடிந்தது. உள்ளே நுழைந்து, ஜிப்பை மூடிவிட்டுப் பழைய இடத்தில் படுத்தாள்.

"அப்ப இந்த வருஷமும் போக மாட்டோமா?"

அம்மா வாசல் பக்கமாகத் திரும்பிப் படுத்தாள். சுண்டு அம்மாவின் பின்னலை எட்டி எடுத்தாள். அதன் நுனியைத் தன் மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றி, ரப்பர் பேண்டை மாட்டினாள்.

"நான் எந்திரிச்சா உனக்கு வலிக்கும். வலிச்சா முழிச்சுக்குவேல்ல?"

சலங்கையைக் கழற்றியவள் இதைக் கழற்ற மாட்டாளா என்று நினைத்துக்கொண்டாள். கடைக்குப் போகும் குதூகலத்தில் விடியற்காலையிலேயே பாதித் தூக்கத்தோடு எழுந்துவிட்ட பிள்ளை. மூச்சு சீராக நீளத் தொடங்கியது. கணவன் ஒருக்களித்து இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பில் போட்டுடலாமாம்மா?" என்று துணிக்கு வெளியே விற்பனையாளர் கேட்டார். நிழல் குனிந்தது.

அவளால் தலையைத் தூக்க முடியவில்லை. தூக்கினால் பிள்ளை விழித்துக்கொள்வாள். கண்ணை மூடப் பயமாக இருந்தது. முழுக்க மூடிய ஜிப்பையே பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

பின்னந்தலையில் பின்னல் மெல்ல இழுபட்டது. பிறகு இன்னும் கொஞ்சம். அவள் திரும்பாமலேயே கையைப் பின்னால் நீட்டி, விறைத்து நின்ற அந்தக் கூந்தலைத் தடவிக்கொண்டே போனாள். நுனியில் சின்ன விரல்கள் ரப்பர் பேண்டை நிதானமாக, சத்தமில்லாமல் கழற்றிக்கொண்டிருந்தன.