அத்தானின் மூக்கும் நான்கு டப்பாக்களும்

1

இந்தக் கதை என்னுடையதல்ல. அக்கா போனில் சொன்னது. சொல்லி முடித்ததும், "எழுதித் தொலைச்சுடாத" என்றாள். அதற்குள் இரண்டு பத்தி எழுதியிருந்தேன். ஒரு வாரம் கெஞ்சிய பிறகு ஒரே ஒரு நிபந்தனையோடு சம்மதித்தாள்.

"அவர அழ வைக்காத. அவர் அழல."

2

வசந்தம் வந்துவிட்டது. தோட்டமெங்கும் பூக்கள்

(விட்டுவிட்டேன். பூக்கள் வர இன்னும் இரண்டு மாதமாவது ஆகும். பால் தீய்ந்ததிலிருந்து தொடங்குகிறேன்.)

அக்கா குளித்துவிட்டு வந்தபோது சமையலறை முழுக்கப் புகை. அடுப்பில் பால் வற்றிப் பாத்திரம் கருகிக்கொண்டிருந்தது. அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து அத்தான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். குளிர்காலத்துக் காய்ச்சல் போகும்போது மூக்கையும் கொண்டுபோய்விட்டதை அன்றுதான் அவளிடம் சொன்னார்.

வேறு யாராவது என்றால் போகிறது என்று விடலாம். அத்தானின் வேலை, வீடு வீடாகப் போய் கேஸ் குழாயில் கசிவு பார்ப்பது. அதற்குக் கருவி உண்டு. ஆனால் பையிலிருந்து கருவியை எடுப்பதற்குள் எந்த மூட்டு என்று கை காட்டிவிடுவார். கூட வேலை பார்ப்பவர்கள் அவரை 'மூக்கன்' என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த மூக்கன், ஆபீசில் இடுப்புவலி என்று சொல்லிவிட்டு லீவில் இருந்தார்.

மூக்கு திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார் டாக்டர். தினமும் வாசனையுள்ள நாலு பொருளை முகர்ந்து பழகச் சொன்னார். கடையில் வாங்குவானேன், நாமே வளர்ப்போம் என்றாள் அக்கா. அவளுக்கு எதையும் மண்ணிலிருந்து தொடங்க வேண்டும்.

வீட்டுக்குப் பின்னால் எட்டடி அகலத்தில் கட்டாந்தரை. இருவரும் கொத்திப் புரட்டிப் பாத்தி கட்டினார்கள். புதினா, கொத்தமல்லி, தக்காளி, செண்டுமல்லி. ஓரத்தில் பீன்ஸ். பீன்ஸ் அத்தான் கேட்டு வாங்கியது. "ஒண்ணாவது வாசனையே இல்லாததா இருக்கட்டும். அதுகிட்டயாவது நான் தோக்க மாட்டேன்."

3

காலையில் பல் விளக்கியதும் ஒவ்வொரு பாத்தியிலும் ஓர் இலையைக் கசக்கி முகர்வார். அக்கா முகத்தைப் பார்ப்பாள். அவர் உதட்டைப் பிதுக்குவார். ஐந்து வாரம் இப்படியே போனது. ஆறாவது வாரம் தக்காளிப் பாத்தியிலிருந்து நிமிர்ந்து, "வருது" என்றார். திங்கட்கிழமை வேலைக்குப் போவதாகவும் சொன்னார்.

(முதல் பிரதியில் இங்கே அவரைப் பொய்யராக எழுதியிருந்தேன். படித்துக் காட்டியபோது அக்கா, "பொய் இல்லடா. வந்த மாதிரி இருந்திருக்கு" என்றாள். ஆசைப்பட்டதை முகர முடியுமா? இரண்டு நாள் எனக்கு வேறு யோசனை ஓடவில்லை.)

அக்காவுக்கும் சந்தேகம் இருந்தது. தக்காளி இலையைக் கண் பார்க்கிறது, விரல் அதன் சுணையைத் தடவுகிறது. அப்புறம் மூக்குக்கு என்ன வேலை? ஞாயிறு மத்தியானம் நான்கு டப்பாக்களின் மூடியில் ஆணியால் ஓட்டை போட்டாள். மூன்றில் கசக்கிய இலைகள். நான்காவது காலி.*

அத்தான் மறுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தார்.

முதல் டப்பாவைப் புதினா என்றார். சரி.** அடுத்ததைக் கொத்தமல்லி என்றார். அது செண்டுமல்லி. மூன்றாவதைத் தக்காளி என்றார். அதுவும் சரி. நான்காவதை நெடுநேரம் முகர்ந்தார். பிறகு நிச்சயமான குரலில், "செண்டுமல்லி" என்றார்.

அவர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார், மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார்.

"இல்லாததுக்குப் பேர் வச்சா பரவாயில்ல," என்றார். "இருக்கறத இல்லன்னு சொல்லிட்டு ஒரு வீட்டுலேர்ந்து வந்துட்டேன்னா?"

கருவி இருக்கிறதே என்றாள் அக்கா.

"கருவிய எங்க நீட்டணும்னு மூக்குதான சொல்லணும்."

* 'ஒன்று காலி' என்று முன்கூட்டியே சொன்னதாக அக்கா இப்போது சாதிக்கிறாள். அத்தான் சிரிக்கிறார்.

 ** புதினாவின் ஜில்லிப்பு மூக்கு போனவர்களுக்கும் உறைக்குமாம். டாக்டர் பிற்பாடு சொன்னது.

4

திங்கட்கிழமை சொன்னபடியே ஆபீசுக்குப் போனார். இடுப்பில் ஒன்றுமில்லை, மூக்குதான் இல்லை என்று மேலாளரிடம் சொல்லிவிட்டார். புகார் வரும் போனுக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். இறக்கம்தான். முதல் வாரம் வீட்டில் யாரோடும் பேசவில்லை. (அழவில்லை. அக்கா, குறித்துக்கொள்.) இப்போது போனில், ஜன்னலைத் திறங்க, சுவிட்சைத் தொடாதீங்க, வெளியே வந்துடுங்க என்று சொல்கிறார். ஆட்கள் வாசலுக்கு வந்த பிறகு, "என்ன மாதிரி வாசனை, சொல்லுங்க" என்று கேட்கிறார். அழுகிய முட்டை என்பார்கள், நனைந்த தீப்பெட்டி என்பார்கள். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைக்கிறார். ஏன் என்று கேட்டேன். "தெரிஞ்சுக்கத்தான்" என்றார்.

5

மூக்கு திரும்பிவிட்டதாக ஒரு முடிவு எழுதினேன். அக்கா அடித்துவிட்டாள். திரும்பவே இல்லை என்று இன்னொன்று எழுதினேன். அதை நானே அடித்தேன்.

போன வாரம் அங்கே போயிருந்தேன். பீன்ஸ் கொடி சுவரைத் தாண்டியிருந்தது. தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த அத்தான் சட்டென்று நின்று, செண்டுமல்லிப் பக்கம் மெல்லத் தலையைத் திருப்பினார்.

"என்ன அத்தான்?"

"இரு. மூணு தரம் வந்தாத்தான் சொல்றதுன்னு வச்சிருக்கேன்."

"இது எத்தனாவது?"

அவர் குழாயை அடுத்த பாத்திக்கு மாற்றினார். அக்காவுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. நீங்கள் ஓர் எண்ணைச் சொன்னால் எழுதிக்கொள்கிறேன். ஆனால் வந்த மாதிரி இருந்தது என்பதற்காகச் சொல்லாதீர்கள்.