கேட்டவர் பெயர்

1983 கோடையில், கீழ்பென்னாத்தூரை அடுத்த ஒரு கிராமத்தில் குடிநீர் ஆய்வுக்காக நான்கு தெருக்களில் வீடு வீடாகக் கேள்வித்தாள் நிரப்பினேன். கடைசித் தெருப் பெண்களை ஊர்க் கிணற்றில் நீர் இறைக்க விடுவதில்லை. எந்தத் தெருவுக்குக் கைபம்பு என்பது எங்கள் அறிக்கையைப் பார்த்துத்தான் முடிவாகும்.

முதல் கேள்வி, குடும்பத் தலைவர், அதாவது கணவர் பெயர். அந்தத் தெரு ஜோதியம்மாள் வாயைப் பொத்திச் சிரித்தாள். பிறகு மேற்கே தெரிந்த மலையைக் காட்டினாள்.

"வாயால சொல்லும்மா" என்றேன்.

"இன்னாம்மா, படிச்ச பொண்ணு நீயே இப்படிக் கேக்கறியே!"

பக்கத்து வீட்டுப் பொன்னி, "அண்ணாமலைனு எழுதிக்கோம்மா. அவ சொன்னா அந்தாளுக்கு ஆயுசு கம்மியாயிடும். சாராயமே பாதிய முடிச்சிடுச்சு" என்றாள்.

சிரித்தேன். ஆனால் பதில் சொல்பவர் வாயால் சொன்னதை மட்டுமே எழுத வேண்டும் என்பது விதி. கட்டத்தை வெறுமையாக விட்டேன். ஆண்கள் பதில் சொன்ன மற்றத் தெருக்களில் இந்தச் சிக்கல் இல்லை; அந்தத் தெருவில் முப்பத்தெட்டுத் தாள்களிலும் அப்படியே. அது என் தவறு.

கிணற்றைப் பற்றி ஜோதியம்மாளைக் கேட்டேன்.

"எட்ட நின்னு குடத்த வெச்சிட்டு, யாராவது ஊத்துவாங்களானு பாத்துக்கினு இருப்போம்" என்றாள். "வெயில் ஏறிடும்."

செங்கம் சாலையில் ஆய்வுக்காக எடுத்திருந்த வாடகை அறையில், தலைமை ஆய்வாளர் சகாதேவன் வெற்றுக் கட்டங்களில் எல்லாம் சிவப்பு மையில் 'தெரியாது' என்று போட்டிருந்தார்.

"புருஷன் பேரே தெரியாதவங்க கிணத்தப் பத்திச் சொல்றத எப்படி நம்பறது கஸ்தூரி? இந்தத் தெருவ அறிக்கையிலேர்ந்து எடுத்துடலாம்."

"தெரியாம இல்ல சார், சொல்லமாட்டாங்க. உங்க அம்மா சொல்வாங்களா?"

பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். "அதுக்குக் கட்டம் இல்லையேம்மா."

இந்த மண்ணில் பிறந்தவர். அவருக்கா தெரியாது? தாளுக்குப் பின்னால் உட்கார்ந்ததும் தன் தாயின் மௌனம்கூடப் பொருளற்றுப் போய்விடுமா? கட்டத்தில் விழாதது உண்மையில்லை என்று இவர்களுக்கு யார் சொன்னது?

மற்ற மூன்று தெருக்களின் தாள்கட்டை இழுத்தேன். ஒவ்வொரு தாளின் அடியிலும் 'கேட்டவர் பெயர்' என்ற இடத்தில் இருந்த என் பெயரை அடிக்க ஆரம்பித்தேன்.

"இன்னா பண்ற? பேர் இல்லனா தாள் செல்லாது!"

"நான்தான் கேட்டேன்னு உங்களுக்குத் தெரியாதா சார்?"

"எனக்குத் தெரியும். ஆனா தாள்ல இருந்தாத்தானே..." பாதியில் நிறுத்தினார்.

அடுத்த தாளிலும் என் பெயரை அடித்தேன். மின்விசிறியில் தாள்கள் படபடத்தன. அவர் சிவப்பு மை பட்ட தாள்கட்டைத் தன் பக்கம் இழுத்தார்.

"இந்த ஜோதியம்மா வீட்டுக்காரர் பேரு இன்னா?"

வாய் திறக்காமல் ஜன்னலுக்கு வெளியே மலையைக் காட்டினேன். அவர் எழுதி முடிக்கும்வரை கையை இறக்கவில்லை.