கை தூக்காதவர்

பத்திரிகையை மூடியதும் நிருபருக்குக் காது மெஷின் கம்பெனியில்தான் இடம் கிடைத்தது. ஊழலையும் விபத்தையும் எழுதிய கை, இப்போது கம்பெனியின் இணையப் பக்கத்துக்கு வாடிக்கையாளர் கதை எழுதுகிறது. எல்லாம் தலையெழுத்து.

"விளம்பரம் மாதிரி இருக்கக் கூடாது சார், செய்தி மாதிரி இருக்கணும். படிக்கிறவங்க கண் கலங்கணும். மெஷின் பேர் கடைசியில ஒரு தடவை வந்தா போதும்" என்பாள் மேலாளர். நிருபரின் மகள் வயதுதான் இருக்கும் அவளுக்கு. முதல் இரண்டு கதைகளும் அவளுக்குப் பிடிக்கவில்லை. மூன்றாவதும் சொதப்பினால் வேறு ஆள் பார்ப்பார்களாம். அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

வீட்டில் இதை அவர் சொல்லவில்லை. வீட்டில் எதையுமே சொல்வதில்லை. பத்திரிகை நின்றதிலிருந்து அலுப்பு வந்து வாயை அடைத்துவிட்டது. மனைவி கேட்டதையே நாலு தடவை கேட்டு ஓய்ந்துபோவாள்.

"ஊரார் காதைப் பத்தி எழுதுறீங்க. முதல்ல உங்க காதைக் காட்டுங்க" என்றாள் அன்று காலையும். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

மூன்றாவது கதைக்கு உரியவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். பேசியதெல்லாம் அவருடைய மகள்.

"அம்மா போனதுலருந்து அப்பா வாயே திறக்கல சார். சுவத்துகிட்ட பேசுற மாதிரி இருக்கும். காதுதான் போச்சுன்னு எனக்குத் தோணவே இல்ல. மெஷின் வச்ச அன்னிக்கே 'சாப்பிட்டியாம்மா'ன்னு கேட்டாரு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மேலாளர் கேட்ட கண்ணீர் கிடைத்துவிட்டது. மகள் டீ போட உள்ளே போனாள். உடனே டிரைவர் மெஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் கேட்காமல் எழுதியதில்லை நிருபர். பாழாய்ப்போன பழக்கம். "மெஷின் எப்படி இருக்கு?" என்றார், வேண்டுமென்றே தாழ்ந்த குரலில்.

"எனக்குக் காது எப்பவும் நல்லாத்தான் கேக்குது தம்பி" என்றார் டிரைவர்.

"டெஸ்ட் எடுத்தாங்களே?"

"சத்தம் வந்தா கையைத் தூக்கச் சொன்னாங்க. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பொண்ணு நின்னு பாத்துட்டிருந்தா. தூக்கினா, அப்ப இவ்வளவு நாளும் ஏம்பா பேசலன்னு கேப்பா. என்னத்தைச் சொல்றது? காதுன்னே இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன். எழுதிடாதப்பா."

நிருபர் எழுதவில்லை. மகள் சொன்னதையே எழுதிக் கொடுத்தார். பொய்யென்று தெரிந்தே அவர் எழுதிய முதல் செய்தி அதுதான். மேலாளர் படித்துவிட்டு மூக்கை உறிஞ்சினாள்.

"இதுதான் சார் வேணும். இனி உங்களுக்குக் கவலையே இல்ல. வீட்டம்மாவைக் கூட்டிட்டு வந்து நீங்களும் ஒரு டெஸ்ட் எடுத்துக்கோங்க, நம்ம ஆளுங்களுக்கு இலவசம்."

அதை மட்டும் வீட்டில் சொன்னார். விட்டால் மனசு மாறிவிடுவார் என்று மனைவி மறுநாளே அவரைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டுவிட்டாள்.

அடைத்த சின்ன அறைக்குள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். கண்ணாடிக்கு வெளியே மனைவி, கைப்பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள். காது போயிருந்தால் தேவலை என்பது போலிருந்தது அவள் முகம்.

முதல் சத்தம் வந்தது. மெல்லிசுதான், ஆனால் தெளிவாகக் கேட்டது. சும்மா இருந்துவிட்டால் போதும். பழியைக் காதின்மேல் போட்டுவிட்டு மிச்ச காலத்தையும் பேசாமலே ஓட்டிவிடலாம். அவருக்கு அவ்வளவு அசதியாக இருந்தது.

அவளைப் பார்த்துக்கொண்டே கையைத் தூக்கினார். அடுத்ததற்கும் தூக்கினார். ஒவ்வொரு தடவையும் அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறிக்கொண்டு வந்தது. வெளியே போனதும் கேட்பாள்.