மூன்று வரி புரோகிராம்

திண்டுக்கல் கணக்கு வாத்தியார் ராயப்பராஜுக்கு 1966-ஆம் வருஷம் கம்ப்யூட்டர் பைத்தியம் பிடித்தது. கம்ப்யூட்டரை அவர் கண்ணால் பார்த்ததில்லை. அது மெட்ராஸில் ஒரு பயிற்சி நிலையத்தில் இருந்தது. இவர் தாளில் புரோகிராம் எழுதித் தபாலில் அனுப்புவார். ஓடியதா நின்றதா என்று அங்கிருந்து பதில் வரும். எடுத்துக்கொண்ட கணக்கு மூன்று தடவைக்குள் ஓடிவிட்டால் அங்கே ஆறு மாதப் பயிற்சிக்கு இடம். அந்த இடத்துக்காக மனிதர் சோறு தண்ணி மறந்து கிடந்தார்.

திண்டுக்கல்லின் நாற்பது வருஷ மழைக்குச் சராசரி போடும் அவருடைய புரோகிராம் முதல் தடவை நடுவழியில் நின்றது. "பிழையைத் திருத்தி அனுப்பவும்" என்று கடிதம். வரிக்கு வரி சலித்துத் திருத்தி அனுப்பினார். மறுபடியும் நின்றது. மறுபடியும் அதே கடிதம்.

"எங்க தப்பு விட்டேன்னே தெரியலயே செபஸ்தி," என்று மனைவியிடம் புலம்பினார்.

செபஸ்தியம்மாள் வீட்டிலேயே தையல் மிஷின் போட்டு ஊருக்கெல்லாம் சட்டை தைப்பவள். "நீங்க எழுதுறது அதுக்கு நேராப் புரியுமாக்கும்?"

"புரியாது. கம்பைலர்னு ஒண்ணு, அதுக்குப் புரியிற பாஷையில மாத்திக் குடுக்கும்."

"அந்தக் கம்பைலர்ல கோளாறு இருந்தா?"

ராயப்பராஜ் பதறிப்போனார். "கப்பல்ல வந்த சாமான் அது!"

"எம் மிஷினுந்தான் கப்பல்ல வந்துச்சு. நூல் அறுந்தா சட்டையவா பிரிக்கிறேன்? கந்தல் துணியில நேரா நாலு தையல் ஓட்டிப் பாப்பேன். அதுலயும் அறுந்தா மிஷின்லதான் வில்லங்கம்."

மிச்சம் ஒரே ஒரு தடவை. அதைக் கந்தல் துணிக்கா செலவழிப்பது? இரண்டு நாள் தவித்தார். பிறகு துணிந்து, ஒரு எண்ணை வாங்கு, அதையே அச்சடி, நிறுத்து என்று மூன்றே வரி எழுதித் தபாலில் சேர்த்துவிட்டுக் காத்திருந்தார்.

பத்தாம் நாள் பதில் வந்தது. அந்த மூன்று வரிகூட ஓடவில்லை! பிழை புதுக் கம்பைலரில்தான் இருந்ததாம். வெளியூர்களிலிருந்து வந்த முப்பத்தொரு புரோகிராம்களும் நின்றுபோக, முப்பது பேர் தங்கள் தப்பென்றே திருத்தித் திருத்தி அனுப்பிக்கொண்டிருந்தார்களாம். கண்டுபிடித்தது இவர் ஒருவர்தான். ஜூன் மாதம் பயிற்சிக்கு வரவும்.

"நின்னுருச்சு செபஸ்தி! நின்னுருச்சு!" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினார். புரோகிராம் நின்றதற்கு இம்புட்டுச் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் இவராகத்தான் இருப்பார்.

"மெட்ராஸுக்கு ரெண்டு சட்டையாவது வேணும். கையத் தூக்குங்க," என்று செபஸ்தியம்மாள் அளவு நாடாவைச் சுற்றினாள். "நெஞ்சு ஒரு அங்குலம் கூடியிருக்கே! மூச்ச விடுங்க."

"விட்டாச்சு செபஸ்தி," என்றார் ராயப்பராஜ். "இனிமே இதுதான் அளவு."