திட்டமாட்டேன்

டப்பிங் தியேட்டரில் அவளுக்கு ‘டேங்கர்’ என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையோடு சரி. மூடியைத் திறந்துவிட்டால் போதும், கண்ணீர் கொட்டும். திரையில் எந்த நடிகை வாயைக் கோணினாலும் அழுகை இவளுடையது. விதவையின் விசும்பல், மணப்பெண்ணின் தேம்பல், மாமியாரின் நீலிக்கண்ணீர் எல்லாவற்றையும் ஒரே காலையில், நடுநடுவே டீ குடித்துக்கொண்டே அழுது முடிப்பாள். ஒருநாள் அவள் அழுத அழுகையில், பக்கத்து அறையில் பற்பசை விளம்பரத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தவன் வேலையைப் போட்டுவிட்டுத் தன் அம்மாவைப் பார்க்க ஓடினானாம். பத்து வருஷமாக எட்டிப் பார்க்காத மகன் திடீரென்று வந்து காலில் விழுந்ததில் அந்த அம்மாதான் பாவம், பயந்துபோய்க் கதவைச் சாத்திக்கொண்டாளாம்.

அப்படிப்பட்டவளையே அந்தப் படம் பதினாறு தடவை தோற்கடித்தது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் பிள்ளை செத்துக் கிடக்கிறான். நடிகை நமக்கு முதுகைக் காட்டிக் குனிந்திருக்கிறாள். வாய் தெரியாது, ஆகவே உதட்டசைவுக்கு வார்த்தையைப் பொருத்தும் தலைவலி இல்லை. தாளில் ‘தாய் கதறுகிறாள்’ என்று மட்டும் இருந்தது. டேங்கர் கதறினாள். டைரக்டர் தலையை ஆட்டினார்.

“ஐயோ வேணாம்மா. இதே ஐயோவைப் போன வாரம் வேற படத்துல கேட்டேன்.”

“அது வேற ஐயோ சார். அது புருஷனுக்கு.”

“எனக்குப் பிள்ளைக்கு வேணும்.”

பதினேழாவது டேக்கில் அவள் வாயைத் திறந்தாள். வந்தது அவளுடையது அல்ல.

நாலு வருஷத்துக்கு முன்னால், ஆறு வயதில் அக்கா மகன் போனான். மூன்று நாள் காய்ச்சல், அவ்வளவுதான். அத்தான் மருந்துச் சீட்டோடு கீழே ஓடியிருந்தார். நர்ஸ் டாக்டரைக் கூப்பிடப் போயிருந்தாள். அறையில் அக்காவும் இவளும் மட்டும். அக்கா அலறவில்லை. பள்ளிக்கூடத்துக்கு எழுப்புகிறவளைப் போல அவன் தோளைத் தொட்டு, “எந்திரிடா கண்ணு. அம்மா திட்டமாட்டேன்” என்றாள். ‘திட்ட’ என்கிற இடத்தில் குரல் உள்ளே இறங்கி, ‘மாட்டேன்’ வெறும் மூச்சாக வந்தது. அக்காவைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்த அந்த நேரத்திலும் இவளுடைய பாழாய்ப்போன தொழில்காது அந்த இறக்கத்தைக் குறித்து வைத்துக்கொண்டது.

மைக் முன்னால் அது அப்படியே வந்தது. டைரக்டர் ஹெட்போனைக் கழற்றிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். சவுண்ட் இன்ஜினியர் ‘ஓகே’ என்று சொல்வதற்குள் மூன்று முறை மூக்கைச் சிந்தினார்.

படம் ஓடிற்று என்றால், சாதாரண ஓட்டமா? கைக்குட்டை விற்றவன் இரண்டாவது வாரமே உதவிக்கு ஆள் வைத்துக்கொண்டான். தியேட்டரின் முன்வரிசை நாற்காலிகள் ஈரத்தில் முளைவிட்டதாக ஒருவர் சொல்ல, நம்பாதவர்கள் டிக்கெட் வாங்கிப் போய்த் தடவிப் பார்த்தார்கள். தடவியவர்களும் அழுதுகொண்டேதான் வந்தார்கள். வீட்டுக்குப் போய்த் தூங்குகிற பிள்ளைகளை எழுப்பிக் கட்டிக்கொண்டார்கள். பிள்ளைகள் வீலென்று கத்தின.

அழுது தீர்ந்த வார்த்தை பிறகு சிரிப்புக்கு வந்தது. பஸ்ஸில் தூங்கி வழிந்த ஒருவனைத் தட்டி, “எந்திரிடா கண்ணு, கண்டக்டர் திட்டமாட்டேன்” என்றார் கண்டக்டர். பஸ்ஸே சிரித்தது. டேங்கர் இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி, ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள்.

அவளுடைய பயமெல்லாம் ஒன்றுதான்: அக்கா காதில் அது விழக்கூடாது. விழுந்தால் அக்கா இந்த ஜென்மத்தில் முகத்தில் விழிக்கமாட்டாள்.

“அந்தப் படத்துக்குப் போயிடாதக்கா. தியேட்டர் முழுக்க மூட்டைப்பூச்சி.”

“நீ பேசின படத்தை நீயே வேணாங்கற. அவ்வளவு கண்றாவியாவா பேசியிருக்க?” என்று போனில் சிரித்தாள் அக்கா.

புதன்கிழமை மதியக் காட்சிக்குக் கீழ்வீட்டுக்காரி அவளை இழுத்துக்கொண்டு போய்விட்டாள். வியாழக்கிழமை பதினொரு மணிக்கு டேங்கர் வீட்டு வாசலில் அக்கா நின்றாள். முகம் அழுது வீங்கியிருந்தது. உள்ளே வந்து, மின்விசிறியைக்கூடப் போடாமல் உட்கார்ந்தாள்.

“பார்த்துட்டேன்டி.”

“அக்கா…”

“அந்த ஆஸ்பத்திரி இடம். நீதானே?”

“ஆமா.” அறை விழும் என்று டேங்கர் கன்னத்தைத் தயாராக வைத்துக்கொண்டாள்.

“யாருடி அதை எழுதினது? அவர் கையைக் கண்ணுல ஒத்திக்கணும்.”

டேங்கருக்கு விளங்கவில்லை.

“படத்துல அந்த அம்மா கொடுத்துவச்சவ. சொல்லிட்டா,” என்றாள் அக்கா. “நான் அன்னிக்கு மரம் மாதிரி நின்னேன். அதுக்கு மூணு நாள் முன்னாடி, பாலைக் கொட்டிட்டான்னு காலையில கத்தி, முதுகுல ஒண்ணு வச்சேன். சாயங்காலம் காய்ச்சல்ல நினைவு தப்பிடுச்சு. அப்புறம் அவனுக்கு நினைவே திரும்பல. கடைசியா அவன் காதுல விழுந்தது என் திட்டுதான். இனிமே திட்டமாட்டேன்டான்னு ஒரு வார்த்தை சொல்லத் தோணலையே இந்தப் பாவிக்கு! நாலு வருஷமா அதுதான்டி என்னைத் திங்குது.”

அடுப்பில் தண்ணீர் கொதித்து வற்றிக்கொண்டிருந்தது. வாயை மூடிக்கொண்டால் தப்பித்தாள்: பறிகொடுத்தவளே பொருளைப் பாராட்டிவிட்டுப் போகப் பார்க்கிறாள். டேங்கர் அக்காவின் காலடியில் உட்கார்ந்தாள்.

“நீ சொன்னேக்கா. தோளைத் தொட்டுச் சொன்னே. நான் கூடவே இருந்தேன். உன் வார்த்தையைத்தான் நான் திருடிட்டுப் போய்ப் படத்துல பேசினேன்.”

அக்கா காலை இழுத்துக்கொண்டாள்.

“போடி.”

“சத்தியமா.”

“யார் மேல?”

“அவன் மேல.”

“வேணாம்.” அக்காவின் குரல் மாறியது. “செத்த பிள்ளை மேல பொய்ச் சத்தியம் பண்ணாதே. எனக்கு ஆறுதல் சொல்ல நினைக்கற, புரியுது. அதுக்காகப் படத்துல வந்ததை எடுத்து என் வாயில ஒட்டாதே. நிஜமா சொல்லியிருந்தேன்னா நாலு வருஷமா ஏன் சொல்லல?”

“உனக்கு ஞாபகம் இருக்கும்னு நினைச்சேன். கிளற வேணாம்னு…”

சொல்லும்போதே அவள் காதுக்கே அது சாக்காகத்தான் கேட்டது. சாட்சிக்கு அத்தானும் இல்லை, நர்ஸும் இல்லை. வார்த்தையைக் கேட்டவர்களுக்குக் குறைச்சலா? ஊரே கேட்டது. ஆனால் ஊர் கேட்டது நடிகை சொல்லித்தான்.

“சரி, சொன்னேன்னே வச்சுக்கறேன்,” என்றாள் அக்கா. கண்ணில் ஒரு ஓரத்தில் ஆசை இருந்தது. “எப்படிச் சொன்னேன்? சொல்லிக் காட்டு.”

டேங்கர் கண்ணை மூடினாள். அந்த அறைக்குப் போனாள். கட்டில் இருந்தது, குளுக்கோஸ் பாட்டில் இருந்தது, அக்காவின் கழுத்து வியர்வை இருந்தது. அக்காவின் குரலைத் தேடினாள். வாயைத் திறந்தாள்.

வந்தது பதினேழாவது டேக். மைக்குக்கு விட்ட தூரமும், இன்ஜினியர் நறுக்கிய மூச்சும் அச்சுப் பிசகாமல் இருந்தன. நிறுத்தினாள். இன்னொரு தடவை சொன்னாள். மறுபடியும் அதே. மூன்றாம் தடவை நிஜமாகவே அழுதுகொண்டு சொன்னாள்; அது இன்னும் சுத்தமாக, படத்தைவிடப் பிரமாதமாக வந்தது.

அக்காவின் கண்ணில் இருந்தது அணைந்துவிட்டது. முந்தானையால் தங்கையின் முகத்தைத் துடைத்துவிட்டு எழுந்து, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

“ரொம்ப நல்லாப் பேசியிருக்கேடி,” என்றாள்.